இருவருக்கு ஒரு நாளைக்கு 50 பவுண்டு: லண்டன் பார்க்கப் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஜூன் நடுவில் 66 வயது அம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போகிறீர்கள். கையில் முழுதாக ஐந்து நாள். அறை வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டீர்கள். போக்குவரத்து, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து இருவருக்கும் ஒரு நாளைக்கு 50 பவுண்டு. அம்மா சைவம். அதிகம் நடக்க முடியாது. கோஹினூரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். முடியுமா?

முடியும். அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு அல்ல, நிம்மதியாகவே முடியும். லண்டனில் பணத்தைக் கரைப்பவை படுக்கை, ரயில், ஓட்டல் சாப்பாடு ஆகிய மூன்றும்தான். பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 2001 டிசம்பரிலிருந்து தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் எல்லோருக்கும் இலவசம், வெளிநாட்டினருக்கும்தான். சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலில் முதலில் வரும் ராட்டினம், மெழுகு பொம்மை, மேல் மூடியில்லாத பேருந்து எல்லாம் கட்டணமுள்ளவை. அவற்றை ஒதுக்கினாலும் நகரத்தின் சாரம் ஒன்றும் குறையாது. ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுக்கச் சொல்வேன். அது டவர் ஆஃப் லண்டன் என்ற கோட்டை, அம்மா கேட்ட கோஹினூர் இருக்கும் இடம். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கணக்கு. காலையும் இரவும் ரயில், பகலில் பேருந்து என்று போனால் இருவருக்கும் நாளைக்கு 18 பவுண்டு ஆகும். மதியம் சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச், பழம், ஏதாவது குடிக்க: ஆளுக்கு 5 என்று 10. இரவு எளிமையான கடையில் இருவருக்கு 20. மொத்தம் 48. இதில் டவருக்கு இடமே இல்லை. ஆனால் நீங்கள் எடுக்கும் அறையில் ஒரு சின்ன சமையலறை இருந்தால் கணக்கு மாறிவிடும். அரிசி, பருப்பு, தயிர், காய்கறி இங்கே மலிவுதான். இருவருக்கான இரவுச் சாப்பாட்டை 6 பவுண்டில் முடித்துவிடலாம். நான்கு இரவு அப்படிச் செய்தால் 56 பவுண்டு மிஞ்சும். தினமும் மிஞ்சும் இரண்டிரண்டையும் சேர்த்தால் 66. டவருக்குப் பெரியவர் சீட்டு 35 பவுண்டு அளவில் இருக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு. இருவருக்கும் ஏறக்குறைய சரியாகிவிடும். அதனால் அறை தேடும்போது நகர நடுவில் சமையலறை இல்லாத ஓட்டல் அறையை விட, கொஞ்சம் தள்ளி அடுப்பு இருக்கும் இடத்தை எடுங்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவு இதுதான்.

எங்கே தள்ளி? என் ஓட்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு. சென்ட்ரல், ஜூபிலி, எலிசபெத் என்று மூன்று ரயில் தடங்களும் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் டிஎல்ஆர் ரயிலும் அங்கே வந்து சேர்கின்றன. இரண்டாம், மூன்றாம் கட்டண மண்டலங்களின் எல்லையில் இருப்பதால் இரண்டாம் மண்டலக் கட்டணமே போதும். தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமும் பக்கம். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும் எக்ஸ்பிரஸ் ரயிலின் விளம்பரங்கள்தான் கண்ணில் படும். அதற்கு ஆளுக்கு 25 பவுண்டு அளவில் ஆகும். பிக்கடில்லி தடத்தில் நகரத்துக்குள் வர ஆறு பவுண்டு போல்தான், ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். எலிசபெத் தடம் இரண்டுக்கும் நடுவில்: விலை பிக்கடில்லியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் பல நிலையங்களில் படியே ஏற வேண்டாம். பெட்டிகளோடும் அம்மாவோடும் வரும் அந்த ஒரு நாள் எலிசபெத்தில் வாருங்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

போக்குவரத்தில் பலர் தெரியாமல் பணம் விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சீட்டு வாங்கவே வேண்டாம். தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் அதையே மஞ்சள் வட்டத்தில் வைத்துப் போகலாம். ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டைக்குத் திரும்பக் கிடைக்காத கட்டணம் உண்டு, ஐந்து நாளுக்காக அதை வாங்குவது வீண். ஆளுக்கு ஒரு அட்டை கட்டாயம், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. நம் ஊர் அட்டைகளில் அந்நியச் செலாவணிக்குத் தனிக் கட்டணம் பிடிப்பார்கள், ஆகவே பவுண்டு ஏற்றிய ஃபோரெக்ஸ் அட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு ஒரே அட்டையை நாள் முழுக்கப் பயன்படுத்தினால்தான் வேலை செய்யும். காலையில் போனிலும் மாலையில் பிளாஸ்டிக் அட்டையிலும் தொட்டால் இரண்டும் வேறுவேறு கணக்காகிவிடும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் போதும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30 முதல் 9:30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் ரயில் கட்டணம் கூடுதல். காலை 9:30 தாண்டிக் கிளம்பினால் காசும் மிச்சம், உட்கார இடமும் கிடைக்கும். அப்புறம், அறுபது வயதானவர்களுக்கு இலவசப் பயணம் என்று யாராவது சொன்னால் நம்பி அலைய வேண்டாம், அது லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

பேருந்துதான் உங்களுக்கு உற்ற துணை. கட்டணம் 1.75 பவுண்டு. முதல் தடவை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே கட்டணம்தான். காசாக வாங்க மாட்டார்கள், 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பேருந்தும் தாழ்தளம், அம்மாவுக்கு ஏறுவது சிரமமில்லை. மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் 15-ஆம் எண்ணில் டவரிலிருந்து டிராஃபல்கர் சதுக்கம் வரை வாருங்கள். செயின்ட் பால்ஸ் தேவாலயம், ஒரு காலத்தில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்திருந்த ஃப்ளீட் தெரு, ஸ்ட்ராண்ட் என்று ஒவ்வொன்றாக வரும். 9-ஆம் எண் டிராஃபல்கரிலிருந்து பிக்கடில்லி, ஹைட் பார்க் ஓரம், ராயல் ஆல்பர்ட் ஹால் வழியாகக் கென்சிங்டன் போகும். சுற்றுலாப் பேருந்து ஆளுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு காட்டுவதில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே அடங்கிவிடும்.

சரி, எதைப் பார்ப்பது? ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினால் காசும் போகும், அம்மாவின் காலும் போகும்.

முதல் நாள் பிரிட்டிஷ் மியூசியம். 1753-இல் தொடங்கி 1759-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அனுமதி இலவசம், ஆனால் இணையத்தில் நேரம் பதிந்து வைத்தால் வரிசை சுருங்கும். ரொசெட்டா கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம், அதை முதலில் முடித்துவிடுங்கள். கிரேக்கத்தின் பார்த்தினான் சிற்பங்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அப்புறம் நேராக 33-ஆம் அறை. சோழர் காலத்து நடராஜர் அங்கே நிற்கிறார். அதை ஒட்டிய 33ஏ அறையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் செதுக்கியவை. வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845-இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பல ஆண்டுகள் அங்கே கிடந்துவிட்டு 1859-இல் கப்பலேறி லண்டன் வந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இங்கே நிற்கும்போது மனது கனக்கும். ஒரே ஸ்தூபியின் கற்கள் இரண்டு கண்டங்களில் கிடக்கின்றன. புத்தரை மனித உருவில் காட்டாமல் காலடி, காலி ஆசனம் என்று காட்டிய பலகைகளும் இங்கே உண்டு. அவற்றைத் தேடிப் பாருங்கள். இந்த மியூசியத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் மனதில் ஏறாது.

வெளியே வந்து இருபது நிமிடம் போல மெதுவாக நடந்தால் ஃபிட்ஸ்ராய் சதுக்கம். அங்கே இந்தியன் ஒய்எம்சிஏ இருக்கிறது. 1920-இல் இந்திய மாணவர்களுக்காக இதைத் தொடங்கியவர் கே.டி. பால், சேலத்துக்காரர். அங்கே தங்கியிருப்பவர்கள் மட்டுமல்ல, வெளியாட்களும் உணவுக்கூடத்தில் சாப்பிடலாம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் வாங்குவதுதான் முறை. சோறு, பருப்பு, காய் என்று வீட்டுச் சாப்பாடு போல இருக்கும். நகர நடுவில் சைவ உணவுக்கு இதைவிட நியாயமான விலையில் இடம் காட்டுவது கஷ்டம். இல்லையென்றால் யூஸ்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரம்மண்ட் தெருவில் பழைய இந்திய சைவக் கடைகள் இருக்கின்றன.

இரண்டாம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர். இந்த நாளைத் திங்கள், செவ்வாய், வியாழன் ஒன்றில் வையுங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூடியிருக்கும்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் கேட்கக் கட்டணம் இல்லை, நாட்டுக்காரராக இருக்கவும் தேவையில்லை. குரோம்வெல் கிரீன் வாசலில் வரிசை, விமான நிலையம் மாதிரி சோதனை, உள்ளே போய்விடலாம். ஜூனில் சபை பெரும்பாலும் நடக்கும், ஆனாலும் கிளம்பும் முன் நாடாளுமன்ற இணையதளத்தில் அன்றைய நேரம் பாருங்கள். புதன் நண்பகலில் பிரதமர் கேள்வி நேரம், அப்போது இடம் கிடைப்பது அரிது, அதனால்தான் புதன் வேண்டாம் என்றேன். போகும் வழியில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைக் கடப்பீர்கள். 1097-இல் எழுந்த கூடம் அது. 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரை நிறுத்தி மரண தண்டனை விதித்தது இங்கேதான். 2022-இல் இரண்டாம் எலிசபெத்தின் உடலை மக்கள் பார்வைக்கு வைத்ததும் இங்கேதான். மேலே அண்ணாந்து அந்த மரக் கூரையைப் பாருங்கள், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. காசு கொடுத்துப் பார்க்கும் பல இடங்களை விட இந்த ஒரு கூடம் பெரிது என்பேன்.

எதிரிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் அபே. 1066 முதல் மன்னர்கள் முடிசூடும் இடம். சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கினால் ஆளுக்கு 30 பவுண்டு அளவில் ஆகும். ஆனால் வார நாட்களில் மாலை 5 மணிக்கு ஈவன்சாங் என்ற பாடல் வழிபாடு நடக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. பாடகர் குழுவின் குரல் அந்தக் கல் வளைவுகளுக்குள் எழுவதை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்கலாம். எந்த மதத்தவரும் வரலாம், எழுந்து நிற்கும்போது நிற்பது, அமைதியாக இருப்பது போதும். படம் எடுக்கக் கூடாது, நியூட்டன் கல்லறை எங்கே என்று சுற்றி வரவும் முடியாது. அது வழிபாடு, அந்த மரியாதையோடு போங்கள். புதன்கிழமைகளில் பாட்டு இல்லாமல் வாசிப்பு மட்டுமாக இருக்கும். செயின்ட் பால்ஸிலும் இதே போல மாலை 5 மணிக்கு உண்டு. கோயிலில் ஓதுவார் பாடுவதை நின்று கேட்கும் பழக்கம் உள்ள அம்மாவுக்கு ஐந்து நாளில் இதுதான் மிகவும் பிடித்துப்போகலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜூனில் ஒரு சனிக்கிழமை மன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் அணிவகுப்பு நடக்கும். மால் சாலை ஓரத்தில் நின்று இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், பேருந்துகளையும் திருப்பிவிடுவார்கள். அம்மாவோடு போகும் உங்களுக்கு நான் சொல்வது: அன்று அந்தப் பக்கமே வேண்டாம்.

வெள்ளிக்கிழமையை நேஷனல் கேலரிக்கு வையுங்கள், அன்று இரவு 9 வரை திறந்திருக்கும். மாலை ஆறுக்கு மேல் கூட்டம் குறையும். வான் கோவின் சூரியகாந்தி, டர்னர் வரைந்த பழைய போர்க்கப்பல், ஹோல்பைனின் இரண்டு தூதர்கள். கடைசிப் படத்தின் அடியில் சாய்வாக ஒரு கோடு போலத் தெரிவதை வலது பக்கம் ஓரமாகப் போய் நின்று பாருங்கள், மண்டையோடாக மாறும். அறைக்கு அறை உட்கார இருக்கை உண்டு, பெரியவர்களுக்கு லண்டனில் இதைவிட வசதியான அருங்காட்சியகம் இல்லை. சௌத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், கலை, வடிவமைப்புக்கான வி அண்ட் ஏ மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். ஒன்றுதான் என்றால் இயற்கை வரலாறு: நுழைந்ததும் தலைக்கு மேல் நீலத் திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு தொங்கும்.

இப்போது டவர். லண்டன் ஐ என்ற அந்த ராட்டினத்துக்கும் ஆளுக்கு 30 பவுண்டு அளவில் ஆகிறது. அரை மணி நேரத்தில் ஒரு சுற்று, முடிந்தது. டவரில் அரை நாள் இருக்கலாம். வில்லியம் மன்னர் பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை, சிறை, கொலைக்களம், கருவூலம் எல்லாம் ஒரே மதிலுக்குள். சிவப்பும் கருநீலமும் உடுத்திய காவலர்கள் சுற்றிக் காட்டும் நடையும் சீட்டிலேயே அடக்கம். திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், வேறு எங்கும் நிற்காமல் நேராக நகைக் கருவூலத்துக்குப் போங்கள். பத்தரை மணிக்கு மேல் அங்கே வரிசை நீண்டுவிடும். 105.6 காரட் எடையுள்ள கோஹினூர், 1937-இல் முடிசூடிய ராணித் தாயாரின் கிரீடத்தில் இருக்கிறது. 1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றியபோது சிறுவனாக இருந்த துலீப் சிங் மகாராஜாவிடமிருந்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. முக்கியமான கிரீடங்களுக்கு முன்னால் தரையே நகரும், அதனால் நின்று பார்க்க முடியாது. அவசரம் இல்லாத காலை நேரத்தில் சுற்றி வந்து மறுபடி ஒரு தடவை ஏறிக்கொள்ளலாம். வெள்ளைக் கோபுரத்தில் படிகள் அதிகம், அம்மாவுக்கு அது வேண்டாம்.

டவரை விட்டு வெளியே வந்து டவர் பாலத்தில் நடந்து தென்கரைக்குப் போங்கள். மேல்தளக் கண்ணாடி நடைபாதைக்குத்தான் கட்டணம், பாலத்தைக் கடக்க இல்லை. அங்கிருந்து மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை தேம்ஸ் ஓரமாகவே நாலு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. முழுவதும் அம்மா நடக்க வேண்டாம், டேட் மாடர்ன் வரை வந்தால் போதும். பழைய மின் நிலையத்தைக் கலைக்கூடமாக மாற்றி 2000-இல் திறந்தார்கள். உள்ளே இலவசம், கழிப்பறை உண்டு, உட்கார இடமும் உண்டு. வழியில் பரோ சந்தையில் வாசனை இழுக்கும், விலை அதிகம், பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசி நாளுக்கு கிரீன்விச். டிஎல்ஆரில் முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுநரின் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். கடல்சார் அருங்காட்சியகம் இலவசம், டிராஃபல்கர் போரில் நெல்சன் அணிந்திருந்த கோட்டு தோளில் குண்டு துளைத்த ஓட்டையோடு இருக்கிறது. பூஜ்ஜியத் தீர்க்கரேகை ஓடும் வானாய்வகம் மேட்டின் மேலே, ஏற்றம் செங்குத்து. அம்மா கீழே புல்வெளியில் உட்காரட்டும், நீங்கள் ஏறி இறங்கி வாருங்கள். தேம்ஸில் படகில் போக ஆசை இருந்தால் கிரீன்விச்சிலிருந்து பேருந்தில் வூலிச் போங்கள். வூலிச் படகுத்துறையில் 1889 முதல் ஆற்றைக் கடக்கக் கட்டணமே இல்லை. சில நிமிடப் பயணம்தான், கார்களும் லாரிகளும் கூடவே வரும், ஆனாலும் ஆற்றின் அகலம் அங்கேதான் உறைக்கும். படகு ஓடுகிறதா என்று அன்று காலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சமைக்காத அந்த ஒரு இரவை ஈஸ்ட் ஹாமில் வையுங்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த் முழுக்கத் தமிழ்ப் பலகைகள், தோசைக்கடைகள், யாழ்ப்பாணத்துக் கடைகள், நகைக்கடைகள். வந்து சேர்ந்த முதல் மாலையே ஒருமுறை போனால் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் வாங்கிக்கொள்ளலாம்.

சின்ன விஷயங்கள் சில. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், ஆளுக்கு ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரயில் நிலையங்களில் கழிப்பறைக்கு இப்போது காசு இல்லை. ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் அறைக்கு வந்து அம்மா ஒரு தூக்கம் போட்டாலும் நாள் வீணாகாது. மெல்லிய மழைக்கோட்டு வேண்டும், காற்றில் குடை நிற்காது.

உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்க ஷார்டு என்ற உயரமான கட்டடத்துக்குக் காசு கட்ட வேண்டாம். ஸ்கை கார்டன் 35-ஆம் மாடியில், ஹொரைசன் 22 அதைவிட உயரத்தில் 58-ஆம் மாடியில். இரண்டும் இலவசம், லிஃப்ட் உண்டு, ஆனால் முன்பதிவு வேண்டும். ஸ்கை கார்டனில் மூன்று வாரம் முன்னதாக, திங்கட்கிழமைகளில் புதிய தேதிகளைத் திறப்பார்கள், மாலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்தத் திங்களை இப்போதே குறித்துவையுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கை கார்டன் இருக்கும் ஃபென்சர்ச் தெருவிலேயே கார்டன் அட் 120 என்ற மொட்டைமாடித் தோட்டம் இருக்கிறது, அதற்கு முன்பதிவு தேவையில்லை.